மூப்படையாத சித்திரங்கள்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் நம் வீட்டில் ஒரு சிறு விசாரணை நடந்தது. வாதி, நம்முடைய பதின்மூன்று வயதுப் புதல்வி. பிரதிவாதிகள், நாம் வாலிபப் பருவத்தில் ஆடிக் களித்த பழைய வீடியோ விளையாட்டுகள். "அந்தக் காலத்துப் படமெல்லாம் பார்க்கச் சகிக்காது, அப்பா!" என்பது அவளுடைய குற்றச்சாட்டு.

நாம் சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைத்தோம். முதலில், 1990-களின் கடைசியில் வெளிவந்த ஒரு கார்ப் பந்தயம். "அசல் கார் தெருவில் ஓடுவது போலவே இருக்கிறதே!" என்று நாமும் சிநேகிதர்களும் அந்நாளில் வாயைப் பிளந்து நின்றது அதன் முன்புதான். இப்போது பார்த்தால் கார்கள் அட்டைப் பெட்டிகளாகவும், மரங்கள் இரண்டு காகிதத் தட்டிகளைக் குறுக்கே செருகியவையாகவும் காட்சியளித்தன. பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நியாயந்தான், நமக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, அதைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து வருஷம் மூத்ததான "பிரின்ஸ் ஆப் பெர்ஷியா"வை ஓடவிட்டோம். 1989-ல் வெளிவந்தது அது. நிலவறையில் வெள்ளுடை தரித்த ஓர் இளைஞன் ஓடினான். காலடியில் கல் பெயர்ந்தது. எதிர்ப்புறம் தாவினான், தளம் எட்டவில்லை, விரல் நுனிகளால் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினான். சிரித்துக்கொண்டிருந்தவள் "ஐயோ!" என்று நம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இளையது கிழடு தட்டிப்போயிற்று, மூத்தது இளமையோடிருக்கிறது. இது என்ன விந்தை?

இதை விளங்கிக்கொள்ள ஒரு மீசையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியில் ஷிகெரு மியாமோட்டோ என்பவர், 1981-ல் "டாங்கி காங்" என்னும் விளையாட்டுக்காக ஒரு மனிதனைப் படைத்தார். அவனை வரைய அவருக்குக் கிடைத்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள். தலைமயிர் வரைய இடமில்லை, தொப்பி வைத்தார். வாய் வரைய வசதியில்லை; மூக்கின் கீழ் மீசையை ஒட்டினார். உலகம் முழுவதும் குழந்தைகள் அறிந்த மாரியோவின் திருமுகம் இவ்விதம் பிறந்தது. 1985-ல் வந்த "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவந்தான். மேலே வெள்ளை, கீழே பச்சை. பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரையும் குழந்தைக்குத் தூளியும் ஆக்கும் கெட்டிக்கார இல்லத்தரசியின் சாமர்த்தியம் அல்லவா இது!

பெர்ஷிய இளவரசனின் கதையும் இப்படிப்பட்டதே. ஜார்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர், 1985-ல் தம்முடைய தம்பியை ஓடச் சொல்லியும் குதிக்கச் சொல்லியும் வீடியோவில் படம் பிடித்தார். அந்தப் படத்தைக் கணத்துக்குக் கணம் பின்பற்றி உருவங்களை வரைந்தார். வாட்போருக்கு 1938-ல் வெளிவந்த ராபின் ஹூட் சினிமாவின் கத்திச் சண்டை உதவிற்று. ஆகவே இளவரசனுக்கு முகமென்று சொல்லத்தக்க முகம் இல்லை. ஆனால் உடம்பின் பாரம் இருக்கிறது. ஓடி வந்தவன் சட்டென்று நிற்பதில்லை. சற்றுச் சறுக்கியே நிற்கிறான். கண் அதை நம்புகிறது.

இன்னும் ஒரு பாத்திரம் வேண்டுமென்று மெக்னர் விரும்பியபோது, ஆப்பிள் கம்ப்யூட்டரின் நினைவில் புதிய உருவத்துக்கு இடமில்லை. என்ன செய்தார்? இளவரசனுடைய உருவத்தையே சிறிது நகர்த்தி அதன் மீதே பொருத்தினார். மினுமினுக்கும் நிழல் மனிதன் ஒருவன் தோன்றினான்! இளவரசன் கண்ணாடி ஒன்றை ஊடுருவிப் பாயும்போது மறுபுறம் வெளிவரும் இந்த நிழல்தான் அவனுடைய தீராத பகைவன். இடப் பஞ்சம் பெற்றெடுத்த பாத்திரம் அது.

பஞ்சம் தீர்ந்த காலத்திலும் இந்த வழியைத் தாமாகத் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள். 2000-ம் வருஷம் நின்டெண்டோ கம்பெனியார் தங்கள் "ஸெல்டா" கதையின் வீரன் வாள் வீசுவதை நிஜம் போன்ற காட்சியாகக் காட்டினார்கள். ரசிகர்கள் பரவசமடைந்தார்கள். மறு வருஷமே, பெரிய கண்களும் சிறிய உடலுமாக, பொம்மலாட்டப் பாவை போன்ற வீரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இது குழந்தைகளுக்கான கேலிச் சித்திரம்!" என்று ரசிகர்களில் பலர் சீறி விழுந்தார்கள். அந்த "விண்ட் வேக்கர்" 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் கடலலையும், சுருண்டு எழும் புகையும், காற்றைக் காட்டும் வெண்கோடுகளும் இன்றும் நேற்று வரைந்தவை போலிருக்கின்றன. ரசிகர்கள் கேட்டபடி நிஜத் தோற்றத்துடன் 2006-ல் வந்த "ட்விலைட் பிரின்சஸ்" நல்ல விளையாட்டே. ஆனால் மங்கிய கபில நிறத்தில் அதன் வயது தெரிகிறது.

அதே 2006-ல் வெளிவந்த "ஓகாமி"யை முதலில் நிஜம் போலவே செய்ய எண்ணினார்களாம். பிளேஸ்டேஷன் 2 யந்திரம் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பின்னர் ஜப்பானிய மைத்தூரிகை ஓவியத்தின் வழியைப் பற்றினார்கள். சூரிய தேவதையான அமதெராசு வெள்ளை ஓநாயாக ஓடுகிறாள். ஆடுகிறவர் தூரிகையால் வானத்தில் வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கிறான்!

கேலிச் சித்திரம்போல் வரைந்துவிட்டால் அமரத்துவம் வந்துவிடும் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. அவ்விதம் வரைந்து மறக்கப்பட்டவை அநேகம். இளவரசனின் ஓட்டம் நிஜ மனிதனிடமிருந்து எடுத்ததுதானே? விஷயம் இதுதான்: நிஜத்தை முழுவதும் நகலெடுக்கப் புறப்படும் சித்திரம் யந்திரத்தின் சக்தியை நம்பி நிற்கிறது, அதைவிடப் பலமான யந்திரம் வந்த அன்றே தோற்றுப்போகிறது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஒரு மனிதன் யோசித்து வரைந்த சித்திரத்தை எந்த யந்திரமும் தோற்கடிப்பதில்லை.

இவ்வளவையும் புதல்விக்கு உபதேசித்தபோது நம் மனத்தில் ஒரு முள் தைத்தது. பல வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன் நாலே கோடுகளில் ஒரு குதிரை வரைந்து காட்டினான். "கண் எங்கே? குளம்பு எங்கே? குதிரை மாதிரியே இல்லையே!" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். காலண்டர்ப் படத்தை மெல்லிய காகிதம் வைத்துப் பிரதி எடுத்து வந்தவனுக்குக் கைதட்டச் செய்தோம். அந்தக் காலண்டரில் இருந்தது யானையா, மயிலா என்பதுகூட இன்று நினைவில்லை. நாலு கோட்டுக் குதிரை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பையனோ அதற்குப் பிறகு நம்மிடம் எதையும் வரைந்து காட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாலையில் நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து பெண் கூவினாள்:

"அப்பா! இந்த நிழலை எத்தனை தரம் வெட்டினாலும் எனக்கே காயம் படுகிறதே! இவனை எப்படிக் கொல்வது?"

"கொல்ல முடியாது, அம்மா. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நட" என்றோம்.