கிறீச்சிடும் பழைய காரும் தேயும் பிரேக்கும்

கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் நம் வணிகர்கள் பலரிடம் இன்னும் ஒரு பழைய கார் இருக்கிறது. அப்பா காலத்து வண்டி என்று அம்பாசிடரை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆம்னி வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மண்டிக்கும் கடைக்கும் நடை அடிப்பவர்கள் அவர்களைவிட அதிகம். (சொந்த உபயோக வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றுவது சட்டப்படி சரிதானா என்பது தனிக் கேள்வி, அதை வேறொரு இதழில் வைத்துக்கொள்வோம்.) அம்பாசிடர் உற்பத்தி 2014-லும், ஆம்னி உற்பத்தி 2019-லும் நின்றுபோயின. ஆகவே இன்று நம் கடை வாசல்களில் நிற்பவை எல்லாமே வயதான வண்டிகள்தாம். வயதான வண்டி சத்தம் போடத்தான் செய்யும் என்று நாமும் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

எங்கள் கடை அம்பாசிடரில் ஒருமுறை இடது முன் சக்கரத்தில் கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்டது. கதவுக் கீல் சத்தம் போட்டால் எண்ணெய் விடுவதில்லையா? அதே போலக் கடைப் பையன் நல்லெண்ணத்துடன் டிரம்மில் இருக்கும் சிறு துளை வழியே இரண்டு கரண்டி கடலை எண்ணெய் விட்டுவிட்டான். சத்தம் நின்றது. நாங்களும் பையனைப் பாராட்டினோம். மறுநாள் வத்தல் மூட்டை ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் சாலையில் வரும்போது பிரேக்கை மிதித்தால், வண்டி நேரே நிற்காமல் வலது பக்கம் வெட்டி இழுத்தது. எண்ணெய் குடித்த இடது சக்கரம் பிடிக்கவில்லை; வலது சக்கரம் மட்டும் பிடித்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி. அன்று வீடு வந்து சேர்ந்தது எங்கள் சாமர்த்தியம் அல்ல, அந்த டிரைவரின் சாமர்த்தியம்.

பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். அம்பாசிடரின் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரும்பு டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ இருக்கும். ஷூவின் மேல் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்தோ ஒட்டியோ இருக்கும். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் வீல் சிலிண்டரைத் தள்ள, ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். அங்கே எண்ணெயோ கிரீஸோ பட்டால் உராய்வு போயிற்று. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அது வேண்டாம். லைனிங் எண்ணெயை உள்ளே குடித்திருக்கும். சூடேறியதும் மறுபடி கக்கும். மாற்றுவது ஒன்றே வழி. யாரும் எண்ணெய் விடாமலே ஷூ நனைந்திருந்தால், பின் சக்கரத்தில் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கலாம், அல்லது வீல் சிலிண்டர் கசியலாம். அதைச் சரிசெய்யாமல் ஷூவை மட்டும் மாற்றுவது ஓட்டைச் சாக்கில் சீனி கொட்டுவது போல.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று கவனிப்பது சுலபம், பயனும் அதிகம். மிதியைத் தொடாமலே காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் வீலென்று கத்தி, சற்று நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் தளர்ந்த பேன் பெல்ட். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் பட்டை வில்லும் அதன் ஷேக்கிள் புஷ்ஷும். ஐந்து மூட்டை சீனி என்றால் 250 கிலோ. அதைப் பின்னால் ஏற்றிக்கொண்டே இருந்தால் எந்த வில்தான் முனகாது? அம்பாசிடரின் முன்பக்கம் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. கிரீஸ் போகவேண்டிய இடம் அதுதான். நம் கரிசல் புழுதி அங்கே புகுந்து அரைப்பதால், கோடையில் கொஞ்சம் அடிக்கடி கிரீஸ் அடிப்பது நல்லது.

மிதியை அழுத்தும்போது மட்டும் வரும் சத்தம்தான் பிரேக்கினுடையது. மழை இரவில் வெளியே நின்ற வண்டி, காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரத்துவிட்டு அடங்கினால் கவலையில்லை. டிரம்மில் பூத்த மெல்லிய துரு அது. ஐப்பசி கார்த்திகையில் கரிசல் சேறு சக்கரத்தின் உட்புறம் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். அதிலும் சத்தம் வரும், சக்கரமும் அதிரும். கழுவினால் தீரும். கழுவியும் தீராமல், ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். கிறீச் சத்தம் மாறி, இரும்பும் இரும்பும் அறைபடும் கொறகொறப்பு வந்துவிட்டால் லைனிங் தீர்ந்து ரிவெட் தலை டிரம்மைச் செதுக்குகிறது என்று அர்த்தம். அப்போது ஷூ செலவோடு டிரம் செலவும் சேரும். கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கடைந்து ஒருமுறை, இருமுறை ஓட்டலாம். அளவுக்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்து, சூட்டில் வெடிக்கும்.

பின்னாளில் வந்த வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு. அதன் பேடுகள் பலவற்றில் ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசி, வேண்டுமென்றே கத்தும். கணக்குப்பிள்ளை ‘இருப்பு குறைகிறது’ என்று சொல்வது போலத்தான். பேடு 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். டிஸ்க்கோ டிரம்மோ, இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால், எங்கள் எட்டயபுரம் சாலை அனுபவம் உங்களுக்கும் கிடைக்கும்.

சத்தமே இல்லாமலும் பிரேக் போகும். கடை வாசலில் வண்டியை நிறுத்திவைத்தே சோதிக்கலாம். மிதி முதல் அழுத்தில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்தபின் மேலே நின்றால் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் ஆயில் குறைகிறது என்று ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள், அது எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நம் சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியே சரக்கோடு இறங்கும்போது தெரியும். கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் பழைய வண்டியில் ஆறு பேர் ஏறிப் போகும்போதும் தெரியும். தொடர்ந்து மிதித்தால் சூடேறி, ஈரம் கலந்த ஆயில் கொதித்து ஆவியாகும். அப்புறம் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது.

லைனிங் வாங்கும்போது நாம் வியாபாரிகளாகவே நடந்துகொள்வோம். பிரேக் பாகங்களுக்குத் தமிழ்நாடு பெயர் பெற்ற இடம். சென்னை பாடியில் 1962 முதலே அந்தத் தொழில் நடக்கிறது. அப்படியிருக்க, பாதி விலைக்குப் பெயரில்லாத டப்பாவை வாங்க வேண்டியதில்லை. கலப்படப் பருப்பை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் நாம், பில் இல்லாத லைனிங்கைக் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். புது லைனிங் மாட்டியபின் முதல் 300 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, முடிந்தவரை திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டி அமரும்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதவோ, காற்று அடிக்கவோ விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்கு அது விஷம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தேய்ந்த ஷூக்களையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, தூசி பறக்காமல் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் விடாமல் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. அது ஏன் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.