இந்திய போன், ஜப்பான் சிம்: கிளம்பும் முன் ஒரு சோதனை

சாஃப்ட்வேர் வேலைக்காக ஜப்பான் செல்பவர்கள் பலரும் "கையில் நல்ல ஸ்மார்ட் போன் இருக்கிறது. அங்கே போய் ஒரு சிம் வாங்கிப் போட்டால் போதும்" என்றுதான் நினைக்கிறார்கள். சிம்மைப் போட்டதும் இன்டர்நெட் வரும். வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேசலாம். மேப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

ஆனால் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகுமா? நிலநடுக்க எச்சரிக்கை வருமா? ஊரில் உள்ள வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. வந்து சேருமா? இந்த மூன்றும் தேவைப்படும் நாளில்தான் தெரிய வரும். அதுவரை காத்திருக்காமல் முன்பே சோதித்துக் கொள்வது எப்படி என்று பார்க்கலாம். நான் டோக்கியோவில் பணிபுரிகிறேன். இங்கு புதிதாக வரும் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களையே வரிசையாகத் தருகிறேன்.

பேண்ட் பொருந்துகிறதா?

மொபைல் போனும் ஒரு ரேடியோதான். ரேடியோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அலைவரிசை இருப்பது போல, மொபைல் நிறுவனங்களுக்கும் தனித்தனி அலைவரிசைகள் உண்டு. இவற்றை பேண்ட் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். இந்தியாவில் 4ஜி சேவைக்கு 3, 5, 8, 40 ஆகிய பேண்ட்கள் அதிகம் பயன்படுகின்றன. ஜப்பானில் 5, 40 இரண்டும் கிடையாது. அங்கே 1, 3 ஆகியவற்றோடு, டோகோமோ நிறுவனம் 19, ஏயூ நிறுவனம் 18 மற்றும் 26, சாஃப்ட்பேங்க் நிறுவனம் 8 ஆகிய பேண்ட்களைப் பயன்படுத்துகின்றன.

1, 3 இரண்டும் பெரும்பாலான இந்திய போன்களில் இருப்பதால் நகரத்தில் சிக்னல் கிடைத்துவிடும். ஆனால் 8, 18, 19, 26 ஆகியவை 800, 900 மெகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள குறைந்த அலைவரிசைகள். இவைதான் அதிக தூரம் செல்லும், கட்டடங்களுக்குள்ளும் நன்றாக நுழையும். உங்கள் போனில் 19 இல்லாமல் டோகோமோ சிம் போட்டால், மலைப்பகுதியிலும் கட்டடத்தின் உட்பகுதியிலும் சிக்னல் தடுமாறலாம். போன் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து பேண்ட் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போனுக்கும் நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்டர்நெட் வந்தால் அழைப்பும் போகுமா?

கட்டாயமில்லை. முன்பு 4ஜியில் பேச முடியாத போன்கள் 3ஜிக்கு மாறி அழைப்பை முடித்துக்கொள்ளும். ஏயூ 2022 மார்ச்சிலும், சாஃப்ட்பேங்க் 2024லும் 3ஜியை நிறுத்திவிட்டன. டோகோமோ தன் 3ஜிக்கு 2026 மார்ச் 31ஐக் கடைசி நாளாக அறிவித்தது. எனவே வோல்டே, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, அந்த நிறுவனத்தின் சிம்மோடு உங்கள் போனில் இயங்க வேண்டும். போனில் அந்த வசதி இருந்தும், குறிப்பிட்ட நிறுவனத்துக்கான அமைப்பு அதில் இல்லாவிட்டால் அழைப்பு போகாது.

சிம் வாங்கியதும் ஒரு சாதாரண எண்ணுக்கு, வாட்ஸ்அப்பில் அல்லாமல், நேரடியாக அழைத்துப் பாருங்கள். விலை குறைவு என்று டேட்டா மட்டும் உள்ள சிம் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிலிருந்து போலீஸுக்கான 110, தீயணைப்பு மற்றும் ஆம்புலன்ஸுக்கான 119 ஆகிய எண்களை அழைக்க முடியாது. தங்கி வேலை செய்பவர்களுக்குக் குரல் வசதி உள்ள சிம்மே நல்லது.

ஜப்பானின் ரேடியோ சட்டப்படி, அங்கு பயன்படுத்தும் போனுக்கு 'கிதெக்கி' என்ற தொழில்நுட்பச் சான்று தேவை. சுற்றுலாவாக வருபவர்களின் வைஃபை, புளூடூத் பயன்பாட்டுக்கு 90 நாள் சலுகை உண்டு. தங்கி வேலை செய்பவர்கள் சான்றுள்ள போனையே பயன்படுத்த வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில், ஒழுங்குமுறைச் சான்றுகள் உள்ள பக்கத்தைத் திறந்து, மின்னல் கீற்றுடன் கூடிய வட்டச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலநடுக்க எச்சரிக்கை

ஜப்பான் வானிலை நிறுவனம் 2007 அக்டோபரில் இருந்து பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை வழங்கி வருகிறது. முதலில் வரும் மெல்லிய அலையைக் கருவிகள் உணர்ந்ததும், பின்னால் வரும் பலமான அதிர்வுக்குச் சில விநாடிகள் முன்பாகவே போன்கள் ஒலிக்கும். மேஜைக்கு அடியில் நுழைய அந்த விநாடிகள் போதும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் அலறின. இந்தியாவில் வாங்கிய இரண்டு போன்கள் மட்டும் மௌனமாக இருந்தன. சிறிது நேரத்தில் கட்டடம் ஆடியது. வெளிநாட்டில் வாங்கிய போன்களில் சிலவற்றில் இந்த எச்சரிக்கை வரும், சிலவற்றில் வராது. செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடி, அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் உருவான 'சேஃப்டி டிப்ஸ்' என்ற இலவச ஆப்பை நிறுவிக் கொள்ளுங்கள். ஆங்கிலத்திலேயே எச்சரிக்கை தரும்.

ஊர் எண்ணைக் கைவிடாதீர்கள்

வங்கி, வருமான வரி, ஆதார் என எல்லாமே நம் இந்திய எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. அந்த எண் போனால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது. ஆகவே இரண்டு சிம் போடும் வசதியுள்ள போனே வசதி. ஒன்றில் ஜப்பான் சிம், இன்னொன்றில் இந்திய சிம்.

புறப்படும் முன்பே இந்திய எண்ணில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி, ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். பெறக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஜப்பானில் இறங்கியதும் அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பில் எகிறும். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பயன்படுத்தாமல் 90 நாள் கிடக்கும் பிரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். இமெயிலுக்கு ஓ.டி.பி. அனுப்பும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் அதையும் கேட்டுப் பெறுங்கள்.

"ஜப்பான் எண்ணிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டு எண்ணோடு யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் 10 நாடுகளுக்கு அனுமதி தரப்பட்டது. சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதில் உண்டு. ஜப்பான் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்

ரயிலில் போனைத் தட்டிச் செல்லும் சுய்கா வசதிக்கு ஃபெலிக்கா என்ற தொழில்நுட்பம் வேண்டும். 2017ல் வந்த ஐபோன் 8 முதல், எந்த நாட்டில் வாங்கிய ஐபோனிலும் இது இருக்கிறது. இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக இயங்காது. பிளாஸ்டிக் கார்டே கைகொடுக்கும்.

கூகுள் பிளே ஸ்டோரில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். இந்திய ஆப்கள் அனைத்தையும் நிறுவிய பிறகே மாற்றுங்கள்.

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. இரண்டு தட்டைப் பின் கொண்ட அடாப்டர் ஒன்று மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள்.

பேண்ட், கிதெக்கி சான்று, இரண்டு சிம் வசதி: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், ஜப்பான் போன பிறகு அங்கேயே ஒரு போன் வாங்குவதுதான் நல்லது. 2021 அக்டோபருக்குப் பின் அங்கு விற்பனைக்கு வந்த போன்களுக்குப் பொதுவாக சிம் லாக் இல்லை. பழைய போனையும் தூக்கிப் போட வேண்டாம். ஊர் சிம்மைப் போட்டு மேஜை டிராயரில் வையுங்கள், மறக்காமல் சார்ஜ் செய்யுங்கள். ஓ.டி.பி. வாங்க அது போதும்.