நோயும் நோன்பும் மனத்திடமும்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் இவ்வேரிக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இரவு ஷிப்டில் விழித்திருந்து பகலில் உறங்கும் தொழிலாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்துவிட்டால், 'காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை' என்னும் எளிய சொல்லும் புதிராகிவிடுகிறது. அவருக்குக் காலை எது?

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டென்று 2023-இல் வெளியான ஆய்வு கூறிற்று. தமிழகத்தில் பெரியவர்களுள் 14.4 விழுக்காட்டினர். நம் இல்லங்கள் இதற்கு விலக்கா, என்ன?

தீராத நோய் உடலை மட்டும் வாட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு வினாத்தாளை வகுத்தபோது, அதற்கான மையங்களுள் சென்னையும் ஒன்றாக இருந்தது. உடல், உள்ளம், பிறரைச் சாராமை, உறவு, சூழல் ஆகியவற்றோடு ஆன்மிக நம்பிக்கையையும் அது தனியொரு கூறாகச் சேர்த்துக்கொண்டது. நாம் நெடுநாளாய் அறிந்ததை அறிவியலும் ஏற்றது எனலாம்.

ஆனால் பொறுமை என்பதை நம்மிற் பலர் வாய்மூடிக் கிடத்தல் என்றே எண்ணுகின்றனர். நபி அய்யூப் (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அம்முறையீட்டைத் திருமறை பொறுமையின்மை என்று சொல்லவில்லை. நிவாரணம் வந்தபோதும், காலால் தரையை உதைக்கும்படி அவர்களுக்கே கட்டளை வந்தது. அதன் பின்னரே நீரூற்று. நோயாளியின் பங்காக ஒரு முயற்சி அங்கும் கேட்கப்பட்டது.

ரமலானில்தான் இது சோதனையாகிறது. 'நோன்பு வைக்காதீர்கள்' என்று மருத்துவர் சொன்னால், நாற்பதாண்டுகள் விடாது நோன்பிருந்த பெரியவரின் உள்ளம் நொறுங்குகிறது. யாருக்கும் சொல்லாமல் நோன்பு வைக்கிறார். மாத்திரையையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கிறார். 13 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுள் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தது தெரிந்தது. இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது அவர்களிடையே மற்ற மாதங்களைவிட 7.5 மடங்காக இருந்தது. நோயாளிக்குப் பிறகு களாச் செய்யும் சலுகையையும், இயலாதவருக்குப் பித்யாவையும் வழங்கியவன் அல்லாஹ். அச்சலுகையை ஏற்பவர் ஈமானில் குறைந்தவர் என்று கருதும் நம் வீட்டுப் பேச்சுத்தான் அவரை அதிகம் நோகடிக்கிறது. கஞ்சிக் கோப்பையை நீட்டும்போது, 'உங்களுக்கென்ன, நீங்கள்தான் நோன்பில்லையே' என்று கேலி பேசுவோர் இல்லாத வீடு எத்தனை?

நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளிகள் ஷஅபானுக்கு முன்னரே மருத்துவரைக் காண்பது நலம். இரவு ஷிப்டு என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தின் அளவும் நேரமும் மாறும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்கு இன்னும் கால் மணி நேரமே இருந்தாலும், நோன்பை முறித்துவிட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள்.