பெயர் மாறிய விண்கல்

வழியில் கிடக்கும் ஒரு கருங்கல்லைக் கையில் எடுத்து, "இது எந்த ஊர்க் கல்?" என்று கேட்டால் உடனே விடை சொல்வது எளிதன்று. மண்ணில் தோன்றிய கல்லுக்கே இந்நிலை என்றால், விண்ணிலிருந்து விழுந்த கல்லின் பிறப்பிடத்தை எவ்வாறு அறிவது? அதனோடு கடிதமும் வருவதில்லை. அது புறப்பட்டதைக் கண்ட சாட்சியும் இல்லை. ஆயினும் விஞ்ஞானிகள் அதன் இனத்தையும் ஊரையும் ஆராய்ந்து பெயரிடுகின்றனர். சில வேளைகளில் தவறிவிடுவதும் உண்டு. அவ்வாறு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தவறான பெயரைத் தாங்கிக் கிடந்த ஒரு கல்லின் வரலாற்றை இங்கே காண்போம்.

பனிவெளியில் கிடைத்த கல்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள். தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் அலன் ஹில்ஸ் என்னும் மலைப்பகுதியை ஒட்டிய பனிவெளியில் அமெரிக்க ஆய்வுக் குழுவினர் விண்கற்களைத் தேடிக்கொண்டிருந்தனர். அங்கே தேடுவதற்குக் காரணம் உண்டு. வெண்பனியின்மீது கருங்கல் எளிதாகக் கண்ணில் படும். அன்றியும், பன்னெடுங்காலமாக விழுந்த கற்களைப் பனிப்பாறைகள் மெல்ல நகர்த்தி வந்து மலையடிவாரங்களில் சேர்த்துவிடுகின்றன.

அன்று ராபர்ட்டா ஸ்கோர் என்னும் பெண்மணியின் பார்வையில் ஒரு கல் பட்டது. எடை 1.93 கிலோகிராம். மற்றவற்றைப்போல் அன்றி அது பச்சை நிறமாகத் தோன்றியதால், அதற்கு முதலிடம் தரப்பட்டது. அலன் ஹில்ஸ், 1984, முதற்கல் எனப் பொருள்படும்படி அதற்கு ஏ.எல்.எச். 84001 என எண்ணிட்டனர். ஹூஸ்டன் நகர்ச் சோதனைச்சாலையில் பார்த்தபோதோ அது வெறும் சாம்பல் நிறக் கல்லாகவே இருந்தது! கண் முதலில் சொல்வதை அப்படியே நம்பலாகாது என்பதற்கு இக்கல் தந்த முதற்பாடம் இது.

இனம் காணும் முறை

விண்கற்களைக் கல், இரும்பு, கல்லும் இரும்பும் கலந்தது என மூன்று பெரும் இனங்களாகப் பிரிப்பர். பூமியில் வந்து விழுவனவற்றில் மிகப் பெரும்பாலானவை கல்லினமே. இவற்றுள் பலவற்றை வெட்டிப் பார்த்தால் கேழ்வரகு போன்ற சிறு உருண்டைகள் தென்படும். சூரிய மண்டலம் உருவான காலத்துத் துளிகள் அவை. அவ்வுருண்டைகள் இல்லையேல், அக்கல் ஒரு பெரிய தாய்க்கோளத்தில் ஒருமுறை உருகி இறுகிய பாறையிலிருந்து பெயர்ந்தது என்று கொள்வர்.

84001 இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி பைராக்சீன் என்னும் கனிமம். அக்காலத்தில் அத்தகைய விண்கல் என்றால், வெஸ்டா என்னும் சிறுகோளின் ஆழத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'டயோஜெனைட்' வகையே எவர் நினைவுக்கும் வரும். ஆகவே அப்பெயரையே எழுதிவைத்தனர். அது கவனக்குறைவான முடிவன்று. அன்று கையிலிருந்த அறிவுக்குப் பொருத்தமான முடிவே. ஆனால் உண்மையான முடிவு அன்று.

சிறு துகள் சொன்ன சாட்சி

டேவிட் மிட்டில்பெல்ட் என்னும் விஞ்ஞானி ஹூஸ்டனில் டயோஜெனைட் கற்களை ஆராய்ந்துவந்தார். வேறு கோளின் கல்லைக் கண்டுபிடிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. டயோஜெனைட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே அவர் பணி. எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி நுண்ணிய கனிமத் துகள்களின் சேர்மானத்தை அளந்தபோது, இந்த ஒரு கல் மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை.

டயோஜெனைட்டில் கந்தகம் ஓர் இரும்பணுவுக்கு ஒரு கந்தக அணு என்னும் கணக்கில் கலந்திருக்கும். இதிலோ ஓர் இரும்பணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட பைரைட் காணப்பட்டது. அன்றியும், குரோமைட் துகள்களில் இரும்பின் ஒரு பகுதி துருவில் உள்ளதைப்போல் மிகுதியாகப் பிராணவாயு ஏற்ற நிலையில் இருந்தது. வெஸ்டாவின் வறண்ட பாறைகளில் இதற்கு இடமில்லை. அப்படியானால் இக்கல் எந்த வீட்டுப் பிள்ளை?

செவ்வாயின் மூச்சு

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1815இல் பிரான்சு நாட்டு ஷஸ்ஸினியிலும், 1865இல் நம் நாட்டின் பீகாரிலுள்ள ஷெர்கோட்டியிலும், 1911இல் எகிப்து நாட்டு நக்லாவிலும் விழுந்த கற்கள் நெடுங்காலம் புதிராகவே இருந்தன. ஏனைய விண்கற்களின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். இவையோ 130 கோடி ஆண்டுகளோ அதற்கும் குறைவோ ஆனவை. அவ்வளவு பிற்காலம்வரை எரிமலைக் குழம்பைக் கக்கிய ஒரு பெரிய கோளிலிருந்தே இவை வந்திருக்கவேண்டும் எனச் சிலர் ஐயுற்றனர். ஐயம் சான்றாகாதன்றோ?

1976இல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் அங்குள்ள காற்றை அளந்து கணக்கை அனுப்பின. பின்னர் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் அண்டார்க்டிகாக் கல்லில், மோதலின் வேகத்தால் உருகி உறைந்த கண்ணாடித் துணுக்குகளுக்குள் சிறைப்பட்டிருந்த வாயுக்களை ஆராய்ந்தனர். அவற்றின் விகிதம் செவ்வாயின் காற்றோடு ஒத்திருந்தது. 1983இல் இது வெளியாயிற்று. அந்தக் கல் தன் ஊரின் மூச்சைத் தன்னுள் அடைத்துக்கொண்டே வந்திருந்தது!

ஊர் தெரிந்தபின் குடும்பச் சாயலை ஒப்பிடுவது எளிதாயிற்று. பிராணவாயுவில் எடை வேறுபட்ட மூவகை அணுக்கள் உண்டு. அவை கலந்துள்ள விகிதம் பூமிக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று, வெஸ்டாவுக்கு ஒன்று. 84001இன் துணுக்கை அவ்வாறு அளந்தபோது அது வெஸ்டாவோடு சேராமல் செவ்வாயின் கற்களோடு சேர்ந்தது. 1994இல் மிட்டில்பெல்ட் இதனை அறிவியல் ஏட்டில் வெளியிட்டார். அதன் வயது சுமார் 409 கோடி ஆண்டுகள் எனப் பின்னர் கணக்கிட்டனர். செவ்வாயிலிருந்து வந்து நம் கைக்கு எட்டிய மிகப் பழம் பாறைகளுள் ஒன்று, வேறு பெயரில் அலமாரியில் உறங்கிக் கிடந்திருக்கிறது!

இரண்டாவது சோதனை

பெயர் திருந்தியதோடு கதை முடியவில்லை. 1996 ஆகஸ்டு மாதத்தில் டேவிட் மெக்கே தலைமையிலான குழுவினர், இக்கல்லுக்குள் பண்டைய நுண்ணுயிர்களின் சுவடுகள் இருக்கலாம் என அறிவித்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனே அதுபற்றிப் பேசினார். உலகச் செய்தித்தாள்களெல்லாம் பரபரத்தன. பின்வந்த ஆராய்ச்சிகளோ, ஒவ்வோர் அடையாளமும் உயிரின்றியே உண்டாகக்கூடும் எனக் காட்டின. 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கல்லிலுள்ள கரிமப் பொருள்கள் பாறையும் நீரும் கலந்து வினைபுரிந்ததால் உண்டானவை என விளக்கியது. இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை உயிரின் சான்றாக ஏற்பதில்லை. கல்லின் ஊரைக் கண்டறிந்ததில் இருந்த பொறுமை, அதன் உள்ளடக்கத்தைக் கூறுவதிலும் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

கல்லை உடைக்காமல்

ஒவ்வொரு கல்லையும் அறுத்துத் துகளாக்கிச் சோதித்தால் கல்லே மிஞ்சாது. இதற்கு ஒரு வழியைக் கண்டவர்களுள் நம் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேசு சபைச் சகோதரர் கை கொன்சொல்மாஞோவும் ஒருவர். பிரான்சு நாட்டுப் பிரபு டி மொரோயின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு, அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்கல் துண்டுகள் உள்ளன. நீரில் அமிழ்த்தி அளந்தால் கல் கெடும். ஆகவே நுண்ணிய கண்ணாடி மணிகள் நிறைந்த கலத்துள் கல்லை வைத்து, தலைதட்டி நிறுத்து, கல் அடைத்த இடத்தைக் கணக்கிட்டனர். நம் பாட்டிமார் படியில் அரிசியைத் தலைதட்டி அளந்த முறையேதான் இதுவும்! இதனால் கிடைக்கும் அடர்த்தியையும், கல் காந்தத்துக்கு இணங்கும் அளவையும் சேர்த்துப் பார்த்தால் பல கற்களின் இனம் தெரிந்துவிடும். பெயர்ச்சீட்டு மாறிப்போன கற்களின்மேல் ஐயம் எழுப்பவும் இம்முறை உதவுகிறது.

நம் கையில் கிடைத்தால்?

காந்தம் ஒட்டுவதாலேயே ஒரு கருங்கல் விண்கல் ஆகிவிடாது. உலைக்கழிவான இரும்புக் கசடும், சில இரும்புத் தாதுக்களும் காந்தத்தில் ஒட்டும். உள்ளே குமிழிக் குழிகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் கசடே. பீங்கான் ஓட்டின் மெருகிடாத பின்பக்கத்தில் தேய்த்துச் செந்நிறக் கோடோ கருங்கோடோ ஆழமாக விழுந்தால் அது பெரும்பாலும் தாதுவே. ஐயம் மிஞ்சினால் கழுவவேண்டாம், சுடவேண்டாம், வலிய காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அது கல்லுக்குள் பதிந்திருக்கும் தொன்மையான காந்தச் சுவடுகளை அழித்துவிடும். கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. 'இரிடியம் உள்ள விண்கல், கோடி ரூபாய் பெறும்' என்று ஆசை காட்டி, நகையையும் நிலத்தையும் விற்கச்செய்து பணம் பறிப்போர் நம் தமிழகத்தில் உண்டு. சாதாரணக் கல்லின விண்கல் ஒரு டன் இருந்தாலும் அதில் ஒரு கிராம் இரிடியம்கூட இராது. இந்த ஒரு கணக்கை அறிந்த குடும்பம் ஏமாறாது.

பங்குப் பதிவேட்டில் ஒரு பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால், நாம் பக்கத்தைக் கிழிப்பதில்லை. உரிய சான்றைக் கண்டு, ஓரத்தில் திருத்தம் எழுதி ஒப்பமிடுகிறோம். 84001க்கும் அதுவே நடந்தது. எண் மாறவில்லை, கல் மாறவில்லை, பெயர் திருந்தியது. தவறாக எழுதியவர்களை எவரும் இகழவில்லை. திருத்தியவரை எவரும் வெறுக்கவில்லை. ஒரு கல்லுக்கு நாம் தரும் இப்பொறுமையை, முதற்பார்வையில் நாம் பெயர் சூட்டிவிடும் அயலாருக்கும், நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் தரலாகாதா?