"கருக்கல்" என்றால் காலையா, மாலையா? கோர்ட்டில் சாட்சி சொல்லும் புரியாத வார்த்தை பதிவாவது எப்படி?

"கருக்கல்ல வச்சுத்தான் அவனை பாத்தேன் ஐயா..."

தென்மாவட்டத்து கிராமத்துக்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று இப்படி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியும் முன் இருக்கும் மங்கல் வெளிச்சமும் கருக்கல்தான். பொழுது அடைந்த பிறகு வரும் மங்கலும் கருக்கல்தான். சம்பவம் நடந்தது விடியற்காலை. ஆனால் டைப் அடிப்பவர் வெளியூர்க்காரர். தனக்கு தெரிந்தபடி "மாலை இருட்டும் நேரத்தில்" என்று அடித்துவிட்டால் என்ன ஆகும்? கேஸே தலைகீழாகிவிடும்!

ஒரே ஒரு வார்த்தைதான். அதனால் குற்றவாளி தப்பிக்கலாம். ஒண்ணும் தெரியாத அப்பாவி மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். இப்படிப்பட்ட வார்த்தைகளை கோர்ட்டில் எப்படி எழுதுகிறார்கள்? சாட்சிக்கு என்ன உரிமை இருக்கிறது? விவரம் வருமாறு:-

எழுதுவது யார்?

சினிமா கோர்ட்டில் வக்கீல் கத்துவார், நீதிபதி சுத்தியலால் தட்டுவார். யாரும் எழுதுவதை காட்டமாட்டார்கள். நிஜ கோர்ட்டில் சுத்தியல் சத்தம் கிடையாது. டைப் அடிக்கும் சத்தம்தான் கேட்கும்.

செசன்சு கோர்ட்டில் சாட்சியத்தை நீதிபதி தன் கையால் எழுதலாம். வாயால் சொல்லி எழுத வைக்கலாம். தன் மேற்பார்வையில் ஊழியரை எழுத வைக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 311-வது பிரிவு இப்படி சொல்கிறது. (2024 ஜூலை 1-ந்தேதி இந்த சட்டம் வரும் முன், குற்றவியல் நடைமுறை சட்டத்தில் இது 276-வது பிரிவு.)

கேள்வி, பதில் என்று வரிக்கு வரி எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியே பேசுவது போல தொடர்ச்சியாகத்தான் வழக்கமாக எழுதுவார்கள். "நீ பொய் சாட்சி சொல்றதானே?" என்று எதிர் தரப்பு வக்கீல் கேட்பார். "இல்லீங்க" என்பார் சாட்சி. தாளில் ஏறுவது எப்படி தெரியுமா? "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." கோர்ட்டு தமிழ் அது!

ஆக, சாட்சி வாயில் இருந்து நீதிபதி காதுக்கு. நீதிபதி வாயில் இருந்து டைப்பிஸ்ட் விரலுக்கு. இத்தனை கை மாறித்தான் உங்க வார்த்தை தாளில் ஏறுது. இடையில் எங்கே வேண்டுமானாலும் அது மாறலாம்.

வம்பு பிடித்த வார்த்தைகள்

உறவு முறையில்தான் பெரிய குழப்பம். செட்டிநாட்டில் "அப்பச்சி" என்றால் அப்பா. கொங்கு பக்கம் அப்பச்சி, அப்புச்சி என்றால் அம்மாவை பெற்ற தாத்தா. "இது எங்க அப்பச்சி சொத்து" என்று சொன்னால், அப்பா சொத்தா, தாத்தா சொத்தா? பாகம் கேட்கும் வழக்கில் இதுதானே தலைவலியே! "மச்சான்" இன்னும் மோசம். அக்காள் புருஷனும் மச்சான், பெண்டாட்டியின் அண்ணனும் மச்சான், டீக்கடை சிநேகிதனும் மச்சான்.

நில அளவும் அப்படித்தான். தஞ்சாவூர் பக்கம் "மா" கணக்கு. ஒரு மா என்றால் 100 குழி, சுமார் 33 சென்ட். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். "மூணு மா" என்று சாட்சி சொன்னதை, எழுதுபவர் தானாக கணக்கு போட்டு "ஒரு ஏக்கர்" ஆக்கினால் வரப்பு தகராறு வளரத்தான் செய்யும்.

ஆயுதத்துக்கு வாங்க. கொடுவாள், வீச்சரிவாள், கருக்கரிவாள், சூரிக்கத்தி எல்லாம் ஒன்றா? கருக்கரிவாளுக்கு பல் உண்டு. சூரிக்கத்தி குத்துவதற்கு. காயம் எப்படிப்பட்டது என்று டாக்டர் சொல்வதும், ஆயுதத்தின் பெயரும் ஒத்துப்போகணும். எல்லாவற்றையும் "கத்தி" என்று எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள்.

கையால் காட்டுவது இன்னொரு சிக்கல். "இம்புட்டு நீளம் இருந்துச்சு" என்று சாட்சி கையை விரிப்பார். தாளில் "இம்புட்டு" என்று மட்டும் இருந்தால், அப்பீல் விசாரிக்கும் நீதிபதிக்கு என்ன புரியும்? "சாட்சி தன் கையால் சுமார் ஒரு முழ நீளம் காட்டுகிறார்" என்று பதிவாகணும்.

கெட்ட வார்த்தைக்கும் இதே கதைதான். வெட்கப்பட்டு "அசிங்கமா திட்டினான்" என்று நிறுத்திக்கொள்வார்கள். திட்டியது ஆபாசமா, வெறும் கோபப் பேச்சா என்று கோர்ட்டுதான் முடிவு செய்யணும். வார்த்தையே பதிவில் இல்லை என்றால் எதை வைத்து முடிவு செய்வது?

என்ன செய்யணும்?

புரியாத வார்த்தையை யூகித்து எழுதக்கூடாது. சாட்சியிடமே திரும்ப கேட்கவேண்டும். சாட்சியிடம் கேள்வி கேட்க நீதிபதிக்கு சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. சொன்ன வார்த்தையை சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போட்டு, சாட்சி சொன்ன அர்த்தத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டால் தகராறு இல்லை. "கருக்கலில், அதாவது விடியற்காலையில் பார்த்தேன்" - அவ்வளவுதான் வேலை.

சாட்சி கோர்ட்டு மொழியில் பேசினால், அந்த மொழியிலேயே எழுதவேண்டும் என்கிறது 312-வது பிரிவு. வேறு மொழி பேசினால், முடிந்தவரை அவர் மொழியிலேயே எழுதலாம். முடியாவிட்டால் சாட்சி சொல்லும்போதே சரியான மொழிபெயர்ப்பு தயார் செய்து, அதில் நீதிபதி கையெழுத்து போடவேண்டும்.

டெல்லி வழக்கு ஒன்றில், தன் தாய்மொழியில் பேசிய பெண்ணின் சாட்சியம் ஆங்கிலத்தில் பதிவாகி இருந்தது. 2023 ஜனவரியில் தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, சாட்சியின் மொழியிலேயே பதிவு செய்தால்தான் அவர் சொன்னதை சரியாக எடைபோட முடியும் என்று கூறியது.

அமெரிக்காவிலும் இதே கூத்து!

அங்கே சாட்சியத்தை எழுத தனியாக பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு. ஒரே நேரத்தில் பல பொத்தான்களை அழுத்தும் சுருக்கெழுத்து மெஷினில், நிமிஷத்துக்கு 225 வார்த்தை அடிப்பார்கள். தெரியாத பெயர் வந்தால் எழுத்து கூட்டி சொல்லச் சொல்வார்கள். வழி இல்லை என்றால் காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதி, "ஒலிப்படி" என்று பக்கத்தில் குறிப்பார்கள்.

அவர்களுக்கும் சறுக்குது. பிலடெல்பியா நகரில் இப்படிப்பட்ட 27 பேருக்கு, கறுப்பின மக்களின் பேச்சு வழக்கை போட்டுக்காட்டி எழுதச் சொன்னார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில், முழுசாக சரியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் 60 சதவீதம் கூட இல்லை. இத்தனைக்கும் 95 சதவீதம் சரியாக எழுதுவார்கள் என்று சான்று பெற்றவர்கள் அவர்கள்!

லூசியானாவில் நடந்ததை கேளுங்க. போலீஸ் விசாரணையில் இருந்த ஒருவர் "எனக்கு வக்கீல் கொடுங்க, டாக்" என்றார். "டாக்" என்பது அங்கே நம்ம ஊர் "மச்சி" மாதிரி. எழுத்தில் அது "வக்கீல் நாய்" ஆகிப்போச்சு. அவர் வக்கீல் கேட்டது தெளிவாக இல்லை என்று 2017-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒருவர் எழுதினார். உலகமே சிரித்தது. மாட்டியவருக்கு சிரிப்பு வந்திருக்காது.

சாட்சிக்கு போறவங்க கவனத்துக்கு

சாட்சியம் முடிந்ததும், எழுதியதை சாட்சிக்கு வாசித்து காட்டவேண்டும். தேவைப்பட்டால் திருத்தவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அல்லது அவரது வக்கீல் முன்னிலையில் இது நடக்கணும். வேறு மொழியில் எழுதியிருந்து சாட்சிக்கு புரியாவிட்டால், புரியும் மொழியில் விளக்கிச் சொல்லணும். "நான் இப்படி சொல்லலை" என்று சாட்சி மறுத்தால், நீதிபதி திருத்தலாம். திருத்தாவிட்டாலும் அந்த ஆட்சேபணையை குறித்து வைக்கலாம். இதெல்லாம் 313-வது பிரிவில் இருக்கிறது. யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

போலீசார் விசாரித்து எழுதும் வாக்குமூலத்திலும் கவனம் வேண்டும். அங்கே உங்க "கருக்கல்" "மாலை 6 மணி" என்று மாறியிருந்தால், "அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே" என்று கோர்ட்டில் மடக்குவார்கள். அந்த வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதும் சட்டம்தான்.

சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை, பிரமாண வாக்குமூலமாக வக்கீல் ஆபீசிலேயே தயாராகிவிடும். மா, குழி, அப்பச்சி எல்லாம் அங்கேயே மாறிவிடலாம். கையெழுத்து போடும் முன் படித்துப் பாருங்க. படிக்கத் தெரியாதவங்க படிச்சு காட்டச் சொல்லி கேளுங்க.

சாட்சி கூண்டில் ஏறினால் மெதுவா பேசுங்க. உங்க ஊர் வார்த்தையை மறைக்க வேண்டாம், கூடவே அர்த்தத்தையும் சொல்லிடுங்க. வாசித்து காட்டாமல் தாளை நீட்டினால், "ஒரு தடவை வாசிச்சு காட்டுங்க ஐயா" என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேனாவை எடுங்க.