சிகிச்சைக்குப் பின் மீண்டும் அங்கன்வாடிக்கு

நீண்ட சிகிச்சை முடிந்து மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ திரும்பும் குழந்தையை மீண்டும் அங்கன்வாடிக்கு அனுப்பப் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். அங்கே வெறும் விளையாட்டுத்தானே என்பர். அந்த வயதில் விளையாட்டே கல்வி. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்திற்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர்.

புளியங்கொட்டைகளைக் கூறுகூறாகப் பிரிக்கும் குழந்தை, எண்ணிக்கையைக் கையால் அறிகிறது. களிமண் பிசையும்போது, பின்னாளில் பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் வலுப்பெறுகின்றன. இருவர் சேர்ந்து கட்டை அடுக்கும்போது காத்திருக்கவும், கேட்டு வாங்கவும், சரிந்ததை மறுபடி எழுப்பவும் பழகுகின்றனர். இந்தப் பழக்கம் வீட்டில் எளிதில் வாய்ப்பதில்லை. அப்பத்தா விளையாடினால் வேண்டுமென்றே தோற்றுவிடுவார். நோயுற்ற குழந்தையிடம் நாம் அனைவருமே அப்படித்தான்.

எப்போது அனுப்பலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள குழந்தைகள் கூடுதல் காலம் வீட்டில் இருக்க நேரிடலாம். அனுப்பும் நாளில், மருந்து வேளைகளையும் தவிர்க்க வேண்டிய உணவுகளையும் அங்கன்வாடிப் பணியாளரிடம் எழுதிக் கொடுங்கள். அதுவரை வீட்டிலேயே, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் விளையாடட்டும். 3 வயது நிறையாத குழந்தைகளுக்கு மட்டும் புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்களைத் தர வேண்டாம். தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடும்.