பலா மரமும் தாய்மரத் தேர்வும்

முக்கனிகளுள் மாவிற்கும் வாழைக்கும் கிடைக்கும் கவனிப்பில் பாதியேனும் பலாவிற்குக் கிடைப்பதில்லை. கிணற்றோரத்திலும் கொல்லை மூலையிலும், தின்று எறிந்த கொட்டையிலிருந்து தானே முளைத்து வளர்ந்த மரமே பெரும்பாலான கிராமங்களில் காணப்படுவது. காய்த்தால் லாபம், காய்க்காவிடில் மரத்துக்காவது ஆகும் என்பது குடியானவர்களின் எண்ணம். கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டி வட்டாரம் இதற்கு விலக்கு. அங்குள்ள செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரியோடு பலாவையும் தோப்பாகவே வளர்த்து வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, இத்தோப்புகளில் மிகப் பல மரங்கள் வேரொடு சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் எதை நடுவது என்ற கேள்வி அப்போது எழுந்தது. புயல் காணாத ஊர்களில் புதிதாய்ப் பலா வைக்க எண்ணும் நிலக்கிழார்களும் அக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

பலா, ஆலும் அத்தியும் முசுக்கட்டையும் சேர்ந்த குடும்பத்தது. எங்கே கீறினும் பால் வடியும். ஆண்டு முழுவதும் இலை நிற்கும். ஆண் கதிரும் பெண் கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றும். அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் வரும் பெண் கதிரே காயாகிறது. ஆண் கதிரோ மகரந்தத்தை உதிர்த்தபின் கறுத்துப் பூசணம் பூத்து விழுந்துவிடும். இதைப் பிஞ்சு உதிர்வதாக எண்ணி, மரத்திற்கு நோய் கண்டுவிட்டதென்று மருந்து தேடி அலைபவர் பலர். அது இயற்கை, அதற்காகக் காசு செலவிட வேண்டுவதில்லை. விழுந்தவற்றைக் கூட்டி அப்புறப்படுத்தினால் போதும்.

ஒரு பழம் என்று நாம் கூறுவது உண்மையில் எண்ணற்ற பூக்கள் ஒன்றோடொன்று இணைந்த தொகுதியேயாகும். கருவுற்ற பூ சுளையாகிறது, கருவுறாதது சடையாகிறது. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிய பழம், அப்பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் கிட்டாமையால் ஏற்படுவதே. மகரந்தம் அயல் மரத்திலிருந்தும் வந்து சேர்வதால், கொட்டையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இராது. தேன் போன்ற வருக்கைச் சுளையின் கொட்டையை ஊன்றியவர், ஏழெட்டு ஆண்டுகள் நீர் வார்த்துக் காத்திருந்து, முடிவில் கையில் ஒட்டும் கூழன் பழத்தைக் காண்பதும் உண்டு. அத்தனை ஆண்டுகளும் நிலமும் வீணாயின என்பதை முதற் பழத்தை அறுத்தபோதுதான் அவர் அறிகிறார்.

ஆகையால் ஒட்டுக் கன்று நடுவதே தகும். அது நான்கைந்து ஆண்டுகளிற் காய்ப்பிற்கு வருவதோடு, தாய்மரத்தின் குணத்தையும் மாறாது காட்டும். பண்ணுருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரமொன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ‘பாலூர்-1’, குமரி மாவட்டத்துப் ‘பேச்சிப்பாறை-1’ ஆகியவை பெயர் பெற்றவை. தம் ஊரிலேயே ஆண்டுதோறும் தவறாமல் நல்ல சுளை தரும் மரம் இருக்குமாயின், அதனையே தாய்மரமாகக் குறித்து அதன் இளங்கிளைகளைக் கொண்டு ஒட்டுக் கட்டச் செய்யலாம். ஒரு நல்ல பருவத்தைக் கண்டு தாய்மரமென முடிவு செய்வது தவறு. மூன்று நான்கு ஆண்டுகளாவது கவனித்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இத்தகைய மரங்களைக் குறித்து வைத்து, அவை விறகுக்கும் பலகைக்கும் விலை போகுமுன் தோட்டக்கலைத் துறைக்குத் தெரிவித்தால், ஊருக்கே உதவியாகும்.

ஒட்டுக் கிடையாத இடத்தில் கொட்டையே கதி. அதனைக் கழுவிச் சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். பலாவின் ஆணிவேர் நீளமானது. முறிந்தால் கன்று தேறுவது அரிது. எனவே குழிக்கு இரண்டு மூன்று கொட்டைகளை நிலத்திலேயே ஊன்றி, செழித்த ஒன்றை நிறுத்திக்கொள்வது உத்தமம். பையில் வளர்த்த கன்றாயின், வேர் அடிப்பக்கத்தைத் தொட்டுச் சுருண்டு வளையுமுன் நட்டுவிடுக.

நீர் தேங்காத செம்மண்ணும் செம்பொறை மண்ணும் ஏற்றவை. நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் எத்துணை எரு இட்டாலும் பயனில்லை. கன்றுக்குக் கன்று 25 முதல் 30 அடி இடைவெளி விட்டு, மூன்றடிக் குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவெருவும் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் நன்று. ஒட்டு மண்ணுள் புதையாதிருத்தல் வேண்டும். அதன் கீழ்த் துளிர்ப்பவற்றைக் கிள்ளி எறிக. ஆட்டிற்குப் பலா இலை மிகப் பிரியம். வேலியில்லாத கன்று ஒரு நாளும் தப்பாது. முதல் மூன்று கோடைகளில் நீர் விட்டால் பின்பு மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இளமையில் இடைவெளியில் காய்கறியோ பயறோ பயிரிடலாம். வளர்ந்த பின் அடிமரத்தில் மிளகுக்கொடி ஏற்றலாம். காய்க்கும் மரத்திற்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவெரு இடுவது வழக்கம். புயல் வரும் கடற்கரைப் பகுதிகளில் உயரமாய் ஓங்கவிடாது நுனியை வெட்டிப் படரச் செய்வது பாதுகாப்பு.

பிஞ்சு கறிக்கு உதவும். கொட்டையைச் சுட்டும் அவித்தும் உண்பர். வயிரம் பாய்ந்த மஞ்சள் நிற மரம் கதவு நிலைகளுக்கு மட்டுமன்றித் தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்திற்கும் வேண்டப்படுகிறது. இந்த விலைதான் நன்கு காய்க்கும் மரத்திற்கும் யமனாகிறது. ஆயினும் பலகைக்கு வெட்டியது ஒருமுறைப் பணம். காய்க்கும் மரம் ஆண்டுதோறும் தருவது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் (1955) அமலிலுள்ள இடங்களில் சொந்த நிலத்து மரமாயினும் அனுமதி பெறாது வெட்டலாகாது. வயது முதிர்ந்து காய்ப்பு நின்ற மரமாயின் விண்ணப்பம் செய்துகொண்டு, அதன் அருகிலேயே அடுத்த ஒட்டுக் கன்றை முன்கூட்டி நட்டுவிடுவது பண்ணையாளருக்கு அனுகூலம்.